பாறை எஃப்.எம்.முக்கு ஒரு துண்டுச் சீட்டு

மரியே வாழ்க

சங்கராபுரம்
14.7.2025

அன்புள்ள தம்பி அமலுக்கு,

அக்கா மெர்லின் எழுதுவது. அம்மா, உன் மாமா, குழந்தை ஜூலியா எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டிவலிதான் குறைந்தபாடில்லை. மலைக்காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? செல்லில் கூப்பிட்டால் 'தொடர்பு எல்லைக்கு அப்பால்' என்று ஒரு பெண் சொல்லிச் சொல்லி, அவளும் எனக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. சனிக்கிழமை சாயங்காலம் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த பேருந்தில் ஓட்டுநர் ரேடியோவைத் திருகிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு இரைச்சல். அதற்குள் ஒரு குரல். "வணக்கம்பா! இது பாறை எஃப்.எம். காது கிழிஞ்சா கம்பெனி பொறுப்பில்ல!"

நம் ராபின் அண்ணன்! மாதா கோயில் மாடி அறையில், தான் நடத்திய வானொலி நிலையத்திலேயே, ஒன்பது வருஷத்துக்கு முன் மின்னல் தாக்கிச் செத்துப்போன அண்ணன் பேருந்துக்குள் சிரிக்கிறார். பிறகு டிரம்ஸ், பிறகு அந்தக் கிடார். ஓட்டுநர், "இன்னாயா இது, தகரக் கொட்டாய இடிக்கிறாப்ல கீது" என்று வேறு பக்கம் திருகிவிட்டார். இறங்கும் வரை அந்த ரேடியோவையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உன் மாமா கிண்டல் செய்வார். ஆனால் நான் கேட்டது கேட்டதுதான். அண்ணனோடு நிலையமும் போயிற்று, அனுமதியும் போயிற்று. ஒலிபரப்பு மிஷினைச் சாமியார் கிடங்கில் போட்டுப் பூட்டினார். அப்புறம் யார் பேசுவது? பயமாக இருக்கிறது. உடனே பதில் போடு.

உன் அக்கா,
மெர்லின்

*

கல்வராயன் மலை
29.7.2025

அன்பு அக்காவுக்கு,

அமல் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உறைவிடப் பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துத் தொண்டை வறண்டுவிட்டது, மற்றபடி குறையில்லை. சமையல்கார இருசம்மாள் அக்கா சாமைச் சோறு போட்டு என்னை உருண்டையாக்கிவிட்டார். அம்மாவின் முட்டிக்கு மலைத் தேன் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். மாமாவையும் ஜூலியாவையும் கேட்டதாகச் சொல்லவும்.

நீ எழுதியதைப் படித்தேன். யாராவது பழைய பதிவைப் போட்டிருப்பார்கள், இதற்குப்போய்ப் பயப்படலாமா?

ஆமாம், குரல் தெளிவாக இருந்ததா? இரைச்சல் எந்த இடத்தில் ஜாஸ்தி, ஊருக்கு வெளியிலா, பேருந்து நிலையம் பக்கமா? வீட்டு ரேடியோவில் பிடித்துப் பார்த்தாயா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் தம்பி,
அமல்

*

சங்கராபுரம்
4.8.2025

அமலுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். தேன் வந்தது. அம்மா முட்டியில் தடவாமல் ஜூலியாவோடு சேர்ந்து நக்கிக்கொண்டிருக்கிறார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாயே, உன்னை நான் இடுப்பில் சுமந்தவள்டா. மலைமேல் இருக்கிறவனுக்குச் சங்கராபுரத்தில் இரைச்சல் கம்மியா ஜாஸ்தியா என்று என்ன கவலை? நேற்று பூசை முடிந்ததும் சாமியாரிடம் கேட்டேன். "மிஷினா? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டணும்னு உன் தம்பி ஜனவரியிலேயே வாங்கிக்கினு போனானே" என்றார்.

நீதானே? உண்மையைச் சொல். அனுமதி இல்லாமல் ஒலிபரப்பினால் வேலை போகும் என்பது உனக்குத் தெரியாதா? அதைக்கூட விடு. மழைக்காலம் வருகிறது. மலையில் கம்பத்தை நட்டு, அதற்குக் கீழே நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இந்த வீட்டில் ஒரு பிள்ளையை வாரிக் கொடுத்தது போதும்.

மெர்லின்

*

கல்வராயன் மலை
19.8.2025

அன்பு அக்காவுக்கு,

நலம். எல்லாருடைய நலமும் நாடி எழுதுகிறேன். கோபம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

நான்தான். மிஷினில் அன்றைக்குக் கருகியதை மாற்றி ஓட வைத்தேன். பள்ளிக்குப் பின்னால் மலை விளிம்பில் பழைய விதைக் கிடங்கு ஒன்று இருக்கிறது. பக்கத்துக் கடுக்காய் மரத்தில் கம்பத்தைக் கட்டினேன். அங்கே நின்றால் சங்கராபுரம் வரைக்கும் விளக்கு தெரியும். சனிக்கிழமை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் மட்டும். நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை, அண்ணனின் பழைய நிகழ்ச்சிகளைப் போடுகிறேன். ஒலிபரப்பியதை எல்லாம் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது அப்போது விதி. அண்ணன் அதில் மட்டும் ஒழுங்கு.

எவ்வளவு நன்றாக இருந்தது அக்கா அந்த நிலையம்! தியாகதுருகத்தில் செல்போன் கடை வைத்திருந்த மணிமொழி குழுவின் 'கரும்பு லாரி' பாட்டை நினைத்துப் பார். நம் ஊரில் ராக் பாட்டா என்று பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் திட்டினார்கள். "மாடியில அவன் தட்டுற தட்டுல பீடம் ஆடுது சாமி" என்று பெரியவர்கள் புகார் கொடுத்தார்கள். ஆனால் மரவள்ளிக் கொல்லையில் களை எடுத்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். போனில் கேட்டால் பாட்டு கிடையாது. பேருந்து நிலைய டீக்கடைப் பெட்டியில் துண்டுச் சீட்டு எழுதிப் போட வேண்டும். வீட்டாளுக்குப் பாட்டே கிடையாது என்று ஒரு சட்டம் வேறு! நீ ஒருநாள் அழுதுகூடப் பார்த்தாய், அண்ணன் மசியவில்லை.

இடிக்குப் பயப்படாதே. அண்ணன் வைத்த வழக்கம் எனக்கு மறக்குமா? முதல் இடி கேட்டதும் ஏரியல் கேபிளை மிஷினிலிருந்து கழற்றி, முனையை மின்சாரம் கடத்தாத சோடா பாட்டிலுக்குள் விட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பாட்டில் என் மேசைமேல் தயாராக இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லாதே.

அன்புத் தம்பி,
அமல்

*

சங்கராபுரம்
15.9.2025

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? ஜூலியாவுக்குச் சளி. மற்றபடி சுகம் என்று எழுதத்தான் ஆசை.

அம்மாவிடம் சொல்லாதே என்றாய். சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரு மாதமாகச் சனிக்கிழமை ஐந்தரைக்கே தலைவாரி, புடவை மாற்றி, ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். ஒரு மணி நேரம் அசைவதில்லை. முடிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துபோய்ச் சாப்பிடுகிறார். "யாரும்மா பேசறது?" என்று கேட்டால், "கம்முனு கெட" என்கிறார். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயமாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று. நேற்று முன்தினம் ஆறரை மணிக்கு எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன், மலைமேல் மின்னல் வெட்டுகிறது. உன் மைக் திறந்தே இருக்கிறது போல. அண்ணன் குரலுக்குப் பின்னால் இடி கேட்டது. அது பழைய இடி இல்லை, மின்னலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டேன். ஒன்று. நீ நிறுத்தவில்லை. இரண்டு. நிறுத்தவில்லை. நான் மாடிப்படியில் உட்கார்ந்து அருள் நிறைந்த மரியே செபம் சொல்ல ஆரம்பித்தேன். ஐந்தாவது இடி தலைக்குமேல் விழுந்தது போலக் கேட்ட பிறகுதான் படக்கென்று அமைதியானது. நீ கழற்றினாயா, இல்லை விழுந்துவிட்டாயா என்று எனக்கு எப்படித் தெரியும்? நேற்று இருசம்மாள் மகன் சிக்னல் கிடைக்கும் இடம் வரை வந்து போன் செய்து "சார் நல்லா கீறாருக்கா" என்று சொன்ன பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

முதல் இடிக்குக் கழற்றுவேன் என்றாய். ஏன் ஐந்து வரைக்கும் காத்திருந்தாய்? மறைக்காமல் எழுது.

மெர்லின்

*

கல்வராயன் மலை
26.9.2025

அக்காவுக்கு,

நலம். ஜூலியாவுக்குச் சளி தேறியதா?

நீ எண்ணுவாய் என்று நினைக்கவில்லை.

அண்ணன் போன அன்றைக்கு மாடி அறையில் கேபிளைக் கழற்றுவது என் வேலை. ஒன்பது வருஷமாக நான் யாரிடமும் சொல்லாதது இதுதான். இடி நெருங்கிவிட்டது. அண்ணன் "கழட்டுடா" என்றார். நான் எழுந்தேன். சன்னலெல்லாம் வெள்ளையாகிவிட்டது. "பயமா கீதுண்ணா" என்றேன். பத்தொன்பது வயசுப் பையன், காலேஜ் படிக்கிறவன், அப்படிச் சொன்னேன். அண்ணன் திட்டவில்லை. "சரி, நீ தள்ளு" என்று சொல்லிவிட்டு அவர் கையை வைத்தார்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு மழை இருட்டினாலே எனக்கு வியர்க்கும். வகுப்பில் பிள்ளைகள் முன்னால் மேசைக்கடியில் ஒளிந்திருக்கிறேன் அக்கா, சிரிக்காதே. அந்தப் பயத்தைக் கொல்ல வேண்டும் என்றுதான் மிஷினை இங்கே கொண்டு வந்தேன். இடி எவ்வளவு நெருங்கினாலும் கை நடுங்காமல் ஒருதடவை கழற்றிவிட்டால் போதும். நீ எண்ணிய அன்றைக்கு ஐந்தில் கழற்றினேன். அப்போதும் நடுங்கியது.

அக்டோபர் 11 சனிக்கிழமை. அண்ணன் போன அதே வாரம். அன்றைக்கு அந்தக் கடைசி நிகழ்ச்சியைப் போடப்போகிறேன். அதோடு முடித்துவிடுவேன்.

அமல்

*

சங்கராபுரம்
6.10.2025

என் செல்லத் தம்பி அமலுக்கு,

நலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. ஜூலியாவுக்குச் சளி காய்ச்சலாகி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், இல்லாவிட்டால் நானே மலையேறி வந்திருப்பேன். உன் கடிதம் சனிக்கிழமைதான் வந்தது. தபாலை நம்பாமல் இதைக் கச்சிராயபாளையத்தில் மலைக்குப் போகும் பேருந்து ஓட்டுநர் ராசுவிடம் நேரில் கொடுக்கிறேன்.

அண்ணன் சாவுக்கு நீ காரணம் இல்லை. நான்தான்.

வீட்டாளுக்குப் பாட்டு கிடையாது என்றாரே, அதனால் நான் பொய்ப் பெயரில் சீட்டு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். எலவனாசூர்கோட்டை நிர்மலா நான்தான். தியாகதுருகம் சுபஸ்ரீயும் நான்தான். அன்றைய கடைசிச் சீட்டு சுபஸ்ரீயுடையது. இன்னமும் எனக்கு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது: 'திங்கட்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம். போகிற வீட்டில் இந்தப் பாட்டெல்லாம் கேட்க விடுவார்களோ என்னவோ. கரும்பு லாரி பாட்டை இன்றைக்கே முழுசாகப் போடவும்.'

அண்ணன் ரேடியோவில், "இடி வந்துக்கினு கீது, கடைய சாத்தணும். ஆனா கண்ணாலப் பொண்ணு கேக்குது, போட்டுட்டுப் போறேன்" என்றார். நான் வீட்டில் வாயைப் பொத்திச் சிரித்தேன் தம்பி. அண்ணனை ஏமாற்றிவிட்டோம் என்று சிரித்தேன். பாதிப் பாட்டில் நின்றது. எனக்கு எரிச்சல் வந்தது. முழுசாகத்தானே போடச் சொன்னேன் என்று ரேடியோவைத் தட்டினேன். அந்த நேரத்தில் அவர்…

நான் கேட்காமல் இருந்திருந்தால் முதல் இடிக்கே கழற்றியிருப்பார். நீயும் பயந்திருக்க மாட்டாய். இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன். என் தப்புக்கு நீ உயிரைப் பணயம் வைக்காதே. உன் காலில் விழுகிறேன், முதல் இடிக்குக் கழற்றிவிடு. பயந்தவன் உயிரோடு இருந்தால் போதும் எனக்கு.

அக்கா

*

சங்கராபுரம்
13.10.2025

அமல்,

ஜூலியாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்?

சனிக்கிழமை ரேடியோ முன்னால் அம்மாவோடு உட்கார்ந்தேன். மலை கருத்துக் கிடந்தது. அண்ணன் சுபஸ்ரீயின் சீட்டைப் படித்தார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். டிரம்ஸ் தொடங்கியது. அன்றைக்கு நின்ற இடம் வரைக்கும்கூடப் போகவில்லை. ஒரு இடி. படக்கென்று எல்லாம் நின்றது. பத்து நிமிஷம் கழித்து மலைமேல் விழுந்த மின்னலில் எங்கள் சுவரே வெளுத்தது.

அம்மா எழுந்திருக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. இரைச்சல் வந்துகொண்டிருக்கிற ரேடியோவை அணைக்கவும் விடவில்லை.

இருசம்மாள் மகன் போனும் எடுக்கவில்லை. ஒரு வரி போடு. ஒரே ஒரு வரி.

மெர்லின்

*

சங்கராபுரம்
20.10.2025

அமல்,

மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்து ஓடவில்லையாம். உன் மாமா கச்சிராயபாளையம் வரை போய்த் திரும்பி வந்துவிட்டார். மேலே ஆளுக்கு ஏதாவது ஆனதா என்று கேட்டால், "யாருக்கோ அடிபட்டுச்சின்னு பேசிக்கிறாங்க, தெரியலைங்க" என்கிறார்கள். யார் அந்த யாரோ?

ராசு கடிதத்தைக் கொடுத்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. இதையும் எழுதிப் பெட்டியில் போடுகிறேன். போடாமல் இருக்க முடியவில்லை.

*

கல்வராயன் மலை
27.10.2025

அன்பு அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

அமல் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். முழுசாக இருக்கிறேன். மண் சரிந்ததில் காலில் அடிபட்டது ஒரு ரேஷன் கடை எடைக்காரருக்கு, அவரும் தேறிவிட்டார். இன்று காலைதான் பாதை திறந்தது. உன் கடிதங்கள் எல்லாம் கைக்கு வந்தன.

ராசு உன் கடிதத்தை ஐந்து நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். சனிக்கிழமை ஐந்து மணிக்கு வந்து, "மன்னிச்சிக்கங்க சார், தொவைக்கப் போடறப்பதான் பாத்தேன்" என்று நீட்டினார். கிடங்கில் உட்கார்ந்துதான் படித்தேன். முதல் இடி கேட்டதும் கழற்றினேன் அக்கா. கை நடுங்கியது, நன்றாகவே நடுங்கியது. பாட்டிலுக்குள் விட்டேன். கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிப்போய் இருசம்மாள் அக்காவின் அடுப்புப் பக்கம் உட்கார்ந்தேன். "இன்னா சார், பேயப் பாத்தாப்ல கீறீங்க?" என்றார். அப்போதுதான் விழுந்தது. கடுக்காய் மரம் நடுவில் பிளந்துவிட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தால் சோடா பாட்டில் தூள் தூளாகக் கிடக்கிறது, நான் உட்காரும் நாற்காலியெல்லாம் கண்ணாடி.

ராசு இன்னொரு நாள் மறந்திருந்தால்? அதை நினைக்கக் கூடாது என்றுதான் இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நீ கேள். சுபஸ்ரீ நீதான் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அண்ணன் மைக்கை மூடிவிட்டுச் சீட்டை என்னிடம் காட்டினார். "உங்க அக்கா எழுத்தப் பாருடா, கோழி கிளறினாப்ல. சுபஸ்ரீயாம்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதல் சீட்டிலிருந்தே அவருக்குத் தெரியும். நிர்மலாவையும் தெரியும். ஒரு பிஸ்கட் டப்பாவில் உன் சீட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தார். "இடி வருதுண்ணா" என்று நான் சொன்னதற்கு, "வூட்ட விட்டுப் போவப்போற பொண்ணு, ஒரு பாட்டு முழுசா கேக்கட்டும்டா" என்றார். நீ அவரை ஏமாற்றவே இல்லை. தெரிந்துதான் போட்டார்.

உனக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாய் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தால் தாங்க மாட்டேன் என்று நீ சொல்லவில்லை. நல்ல அக்கா, நல்ல தம்பி!

டப்பாவை ராசுவிடம் கொடுத்தனுப்புகிறேன். சட்டைப் பையில் அடங்காது, அதனால் மறக்க மாட்டார். மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் வரும்போது சாமியாரிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அமல்

*

சங்கராபுரம்
3.11.2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம். நேற்று கல்லறைத் திருநாள். அண்ணன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவத்தி ஏற்றினோம். உன் பேரிலும் ஒன்று ஏற்றிவிட்டேன், உயிரோடு இருக்கிறவனுக்கு ஏற்றக் கூடாது என்று அம்மா அதை ஊதி அணைத்துவிட்டார்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் கடிதத்தைப் படித்துக் காட்டி, "அண்ணன் பேசுதுன்னுதானே உக்காந்துக்கினு இருந்த?" என்று கேட்டேன். என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "செத்தவன் பேச மாட்டான்னு எனக்குத் தெரியாதாடி? ரெண்டு பாட்டுக்கு நடுவுல ஒருத்தன் இருமறான் பாரு, சின்னதுலருந்து அமலு அப்படித்தான் இருமுவான். என் புள்ள உசுரோட கீறான்னு வாரத்துக்கு ஒருதபா காதால கேட்டுக்கினேன்." இதைச் சொல்லிவிட்டு முட்டியில் தேன் தடவப் போய்விட்டார். நான் அடுப்படியில் நின்று ஒருபாடு அழுதேன்.

டப்பா வந்தது. முப்பத்தோரு சீட்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் அண்ணன் தேதி போட்டு 'மெர்லின்' என்று எழுதியிருக்கிறார். கடைசிச் சீட்டின் பின்னால் மட்டும் ஒன்றும் இல்லை.

மிஷினைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும், கொடு. ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒருதடவை. மழைக்காலம் முடியட்டும். மார்கழியில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும் ஒரு சனிக்கிழமை. கம்பத்தை மரத்தில் கட்டாதே, மூங்கிலில் கட்டு. இதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். பயம் எனக்கு இன்னும் போகவில்லை, அது போகவே போகாது என்று நினைக்கிறேன். உனக்கும் போக வேண்டாம்.

உன் அக்கா,
மெர்லின்

(உள்ளே ஒரு துண்டுச் சீட்டு)

பாறை எஃப்.எம்.முக்கு,

கரும்பு லாரி பாட்டை முழுசாகப் போடவும். இடி கேட்டால் போட வேண்டாம். தூரத்து இடியாக இருந்தாலும், பாட்டு முடிய ஒரு வரிதான் பாக்கி என்றாலும், கேபிளைக் கழற்றிவிட்டு வெளியே போய்விடவும்.

கேட்பவர்: மெர்லின், சங்கராபுரம். உங்கள் தங்கை.